அழித்த சொல்லும் வரவழைத்த சொல்லும்: 'குவாண்டனாமோ நாட்குறிப்பு' நூலின் பாடநிலை குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மௌரித்தானியா நாட்டைச் சேர்ந்த முகமது உல்த் ஸலாஹி, குவாண்டனாமோ சிறைமுகாமில் இருந்தபோது எழுதி 2015இல் வெளிவந்த 'குவாண்டனாமோ நாட்குறிப்பு' என்னும் நூலை இக்கட்டுரை மூலபாடத் திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. அந்நூல் அமெரிக்க அரசின் தணிக்கையால் 2500க்கும் மேற்பட்ட கருப்புப் பட்டைகளுடன் அச்சாயிற்று. நூல் விவரிக்கும் விசாரணையும் நூலின்மீது நிகழ்ந்த தணிக்கையும் ஒரே அதிகாரத்தின் இரு செயல்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். விசாரணை, சொல் இல்லாத இடத்தில் சொல்லை வரவழைக்கிறது. தணிக்கை, சொல் உள்ள இடத்தில் சொல்லை அழிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பதற்கு 2015ஆம் ஆண்டுப் பதிப்பும் 2017இல் வந்த மீட்டமைத்த பதிப்பும் இணையாகத் தேவைப்படுகின்றன என்பது முடிவாக நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறை இலக்கியம், தடுப்புக்காவல், விசாரணை, வாக்குமூலம், தணிக்கை, மூலபாடத் திறனாய்வு.

முன்னுரை

செப்டம்பர் 11, 2001 தாக்குதலுக்குப் பின்னர் அமெரிக்க அரசு, பயங்கரவாதத் தொடர்புடையவர்கள் எனத் தான் ஐயுற்றவர்களைக் கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவிலுள்ள கடற்படைத் தளத்தில் அடைத்தது. முதல் கைதிகள் 2002 ஜனவரியில் அங்குக் கொண்டுவரப்பட்டனர். இம்முகாம் பற்றிச் சட்டவியலாரும் மனித உரிமை அமைப்புகளும் விரிவாக எழுதியுள்ளனர். ஆயினும் முகாமுக்குள் இருந்தபடியே ஒரு கைதி எழுதி, அவர் விடுதலை பெறுவதற்கு முன்னரே அச்சேறிய நூல் என்னும் வகையில் ஸலாஹியின் நூல் தனித்து நிற்கிறது.

இந்நூலைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் அது தரும் செய்திகளையே எடுத்துரைத்தன. கைதி பட்ட துன்பம், அதைச் சொல்லும்போது அவரிடம் வெளிப்படும் நகைச்சுவை, காவலரையும் மனிதராகக் காணும் பண்பு ஆகியவை பாராட்டப்பட்டன. நூலின் பாடம் எவ்வாறு உருவாயிற்று என்னும் வினா அவற்றில் பின்னுக்குச் சென்றது. ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சுப் பதிப்புகளை உருவாக்கிய நெடிய மரபு தமிழுக்கு உண்டு. சிதைந்த பாடத்தை எவ்வாறு அணுகுவது என்பது அம்மரபின் மைய வினாக்களுள் ஒன்று. அவ்வினாவை இந்நூலின் முன் வைக்கும்போது, செய்தி நோக்கிலான வாசிப்பில் புலப்படாத சில உண்மைகள் வெளிப்படுகின்றன.

நூல் உருவான வரலாறு

ஸலாஹி 1970இல் பிறந்தவர். 1988இல் உதவித்தொகை பெற்று ஜெர்மனிக்குச் சென்று மின்பொறியியல் பயின்றார். 1991இல் ஆப்கானிஸ்தான் சென்று அல்காய்தா முகாமில் பயிற்சி பெற்று, அவ்வமைப்புக்கு உறுதிமொழியும் அளித்தார். அன்றைய காபூல் அரசுக்கு எதிரான போரில் பங்கேற்கவே சென்றதாகவும் 1992க்குப் பின்னர் அத்தொடர்பை முறித்துக்கொண்டதாகவும் அவர் கூறுகிறார். 1999 நவம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குச் சென்ற அவர், 2000 ஜனவரியில் அங்கிருந்து கிளம்பினார்.

2001 நவம்பரில் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, தம் காரைத் தாமே ஓட்டிச் சென்று மௌரித்தானியக் காவல்துறை முன் நின்றார். அம்மாத இறுதியில் ஜோர்தானுக்கு அனுப்பப்பட்டு ஏறத்தாழ எட்டு மாதங்கள் அங்குச் சிறையிருந்தார். 2002 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்துக்கும், ஆகஸ்ட் 5 அன்று குவாண்டனாமோவுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். 2016 அக்டோபர் 17 அன்று விடுதலையாகும் வரை அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் முறைப்படி பதிவு செய்யப்படவில்லை.

2005இல் தனிமைச் சிறையில் இருந்தபோது 466 பக்கங்களை அவர் கையால் எழுதினார். எழுதிய மொழி ஆங்கிலம். அது அவருக்கு நான்காம் மொழி. அதில் பெரும்பகுதியைச் சிறைக்காவலரிடமிருந்தும் விசாரணையாளரிடமிருந்தும் அவர் கேட்டுக் கற்றார். அம்முகாமில் கைதி எழுதும் ஒவ்வொரு தாளும் மறைபொருளாகக் கருதப்பட்டு, வாஷிங்டன் அருகிலுள்ள பாதுகாக்கப்பட்ட இடத்தில் வைக்கப்படும். வழக்கறிஞர்கள் ஆறு ஆண்டுகளுக்கு மேல் போராடியதன் பயனாக, 2012இல் தணிக்கைக்குட்பட்ட படி கிடைத்தது. எழுத்தாளர் லாரி சீம்ஸ் அதைப் பதிப்பித்தார். பதிப்புப் பணியின்போது நூலாசிரியரைச் சந்திக்க அவருக்கு இசைவு கிடைக்கவில்லை.

'நாட்குறிப்பு' என்பது தலைப்பாக அமைந்தாலும் வகைமையில் இந்நூல் நாட்குறிப்பன்று. நிகழ்வுகள் நடந்து முடிந்த பின்னர், வழக்கறிஞர்களை முன்னிலைப்படுத்தி நினைவிலிருந்து எழுதிய சான்றுரை இது. நாள் எது, இரவு எது என்று அறிய முடியாதபடி அடைக்கப்பட்டிருந்த ஒருவரிடம் நாட்குறிப்பை எதிர்பார்ப்பதே முரணாகும்.

விசாரணையாளர் என்னும் வாசகர்

நூலில் இடம்பெறும் விசாரணைகள் ஒருவகையில் வாசிப்பு பற்றிய காட்சிகளாகவும் அமைகின்றன. ஸலாஹியின் தொலைபேசி உரையாடல் ஒன்றில் தேயிலை, சர்க்கரை ஆகிய சொற்கள் வந்தன. அவை எதைக் குறிக்கும் மறைசொற்கள் என்று விசாரணையாளர்கள் கேட்டனர். தேயிலை தேயிலையையும் சர்க்கரை சர்க்கரையையும் குறிப்பதாக அவர் அளித்த விடை ஏற்கப்படவில்லை.

அகப்பாடலில் உள்ளுறை உண்டு. அதைக் கண்டறியும் வாசகர், பாடலின் முதல், கரு, உரிப்பொருள் மரபைக் கொண்டே அதற்கு எல்லை வகுக்கிறார். மரபு இசையாத பொருளை உரையாசிரியர் எழுதினால் அடுத்த உரையாசிரியர் அதை மறுப்பார். விசாரணை அறையில் அத்தகைய எல்லையோ மறுப்போ இல்லை. வெளிப்படைப் பொருளைக் கூறுவதே மறைத்தலுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. எந்தச் சொல்லும் எந்தப் பொருளையும் தரலாம் என்ற நிலையில், பொருளைத் தீர்மானிப்பது சொல்லன்று, கேட்பவரின் அதிகாரமே.

இந்நிலையை ஸலாஹி தம் நாட்டுப்புறக் கதை ஒன்றால் விளக்குகிறார். சேவலைக் கண்டு அஞ்சும் ஒருவன் மருத்துவரிடம் செல்கிறான். சேவல் தன்னைச் சோளமென்று நினைப்பதாகச் சொல்கிறான். இவ்வளவு பெரிய மனிதன் சோளமாக முடியாதே என்று மருத்துவர் கூற, அது தனக்குத் தெரியும் என்றும் சேவலுக்குத்தான் தெரியவில்லை, அதனிடம் சென்று எடுத்துச்சொல்ல வேண்டும் என்றும் அவன் வேண்டுகிறான். கதையின் நகைப்பு அச்சமுற்றவனின் பேதைமையில் இருப்பதாகத் தோன்றும். நூலின் சூழலில் அது இடம் மாறுகிறது. கைதி தான் யார் என்பதை அறிவான். அவ்வறிவால் அவனுக்குப் பயனில்லை. அவனை யாரென்று முடிவு செய்பவர் வேறொருவர்.

வாக்குமூலம் என்னும் கதைப்பின்னல்

2003ஆம் ஆண்டுக் கோடையில் ஸலாஹிக்கெனத் தனி விசாரணைத் திட்டம் வகுக்கப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் ஆகஸ்டில் அதற்கு ஒப்புதல் அளித்தார். தனிமை, உறக்கமின்மை, கடுங்குளிர், அடி, பாலியல் இழிவு ஆகியவற்றை நூல் விவரிக்கிறது. அவரைக் கண்ணைக் கட்டிப் படகில் ஏற்றிக் கடலில் கொண்டுசென்று அச்சுறுத்தினர். அவருடைய தாயைக் காவலில் எடுத்திருப்பதாகவும் குவாண்டனாமோவுக்கு அனுப்பக்கூடும் என்றும் கூறும் போலிக் கடிதம் காட்டப்பட்டது. இது கைதியின் கூற்று மட்டுமன்று. அமெரிக்க மேலவையின் படைத்துறைக் குழு அறிக்கையும் இக்கடிதத்தைப் பதிவு செய்துள்ளது.

இதன் பின்னர் ஸலாஹி பேசத் தொடங்கினார். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள சிஎன் கோபுரத்தைத் தகர்க்கத் திட்டமிட்டதாக எழுதிக் கையொப்பமிட்டார். அது பொய் என்று பின்னர்க் கூறினார். 2005இல் நிர்வாக மறுஆய்வுக் குழுவின் முன் அவர் அளித்த விளக்கம் இலக்கிய ஆய்வாளரின் கவனத்திற்குரியது. பொருந்திவரும் ஒரு கதையை உருவாக்க வேண்டியிருந்ததால் குற்றமற்ற பலரையும் அதில் சேர்த்துவிட்டதாக அவர் தெரிவித்தார்.

கதைக்குப் பாத்திரங்கள் வேண்டும். செயலுக்குக் காரணம் வேண்டும். இடமும் காலமும் இயைய வேண்டும். ஒருவனே தனியாகக் கோபுரத்தைத் தகர்க்க எண்ணினான் என்றால் அது நம்பத்தக்க கதையாகாது. எனவே துணைவர்கள் தேவைப்பட்டனர். வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையை அதன் உள்ளிசைவைக் கொண்டு அளக்கும் விசாரணைமுறை, உள்ளிசைவை உண்டாக்கும் தேவையைக் கைதியின்மீது சுமத்துகிறது. ஆகவே, அவ்வாறு உருவான வாக்குமூலம் எவ்வளவு செம்மையாகப் பொருந்துகிறதோ அவ்வளவுக்கு ஐயத்திற்குரியதாகிறது. புனைவில் நற்பண்பாகக் கொள்ளப்படும் கட்டுக்கோப்பு இங்குக் கேட்டின் அடையாளமாகிறது. அதன் விளைவு ஏட்டளவில் நிற்பதுமில்லை. கதை முழுமை பெறுவதற்காகச் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உயிருள்ள ஒரு மனிதர் இருந்தார்.

தாம் சொன்னவை உண்மைதானா என்று விசாரணையாளரே கேட்டபோது, ஸலாஹி வணிகச் சொற்களில் விடையளித்ததாக நூல் கூறுகிறது. வாங்குபவர் இருப்பின் தாம் விற்பதாக அவர் தெரிவித்தார். உண்மை என்னும் அளவுகோல் அகன்று, தேவையும் வழங்கலும் அவ்விடத்தைப் பிடித்துவிட்டதை இவ்விடை காட்டுகிறது.

இவ்வழக்கை நடத்தப் பணிக்கப்பட்ட இராணுவ வழக்கறிஞர் ஸ்டூவர்ட் கௌச், சான்றுகள் பெறப்பட்ட முறையை அறிந்து 2004இல் வழக்கிலிருந்து விலகினார். செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்களுள் ஒன்றின் துணை விமானி அவருடைய நண்பர். தண்டனை பெற்றுத்தரும் விருப்பம் அவருக்குக் குறைவாக இருந்ததெனக் கூற முடியாது. பனுவல் உருவான முறையே அப்பனுவலைச் சான்றாகப் பயன்படுத்தத் தடையாயிற்று.

கருப்புப் பட்டை: பேசும் மறைப்பு

சொல்லை இவ்வாறு வரவழைத்த அரசு, கைதி தாமாக எழுதிய சொற்களை அடித்து மறைத்தது. பெயர்கள், இடங்கள், நாள்கள் மறைக்கப்பட்டதற்குப் பாதுகாப்பு என்னும் காரணத்தைக் கூறலாம். ஆயின் பட்டைகளின் பரவல் வேறு சிலவற்றையும் காட்டுகிறது.

விசாரணையாளருள் பெண்களும் இருந்தனர். ஆண்களைக் குறிக்கும் ஆங்கிலப் படர்க்கைப் பெயர்கள் பெரும்பாலும் அப்படியே விடப்பட, பெண்களைக் குறிப்பவை மறைக்கப்பட்டன. இதனால் மறைப்பே குறிப்பாயிற்று. கருப்பாக இருக்கும் இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வாசகர் எளிதில் உணர்கிறார். பாலியல் இழிவு நிகழும் பகுதிகளில் இவ்வாறு மறைத்தது, மறைக்க முயன்றதையே சுட்டிக்காட்டுகிறது.

இந்நூலைத் தமிழாக்கம் செய்ய முனைபவர் இவ்விடத்தில் இடர்ப்படுவார். ஆங்கில வினைமுற்று பால் காட்டாது. பெயரை மறைத்தால் பால் மறையும். தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என வினைமுற்றின் விகுதியே பாலை உணர்த்தும். எனவே பெயரோடு வினையின் ஈற்றையும் மறைக்க நேரும். 'அவர் வந்தார்' என்று எழுதினால் பால் தானாகவே மறையும். ஆனால் துன்புறுத்தியவருக்கு உயர்வுப்பன்மை வழங்கியதாகிவிடும். தணிக்கையாளரின் பணியை மொழியின் மரியாதை வழக்கே செய்துமுடிக்கும். தணிக்கை மொழிக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதன்று, அந்தந்த மொழியின் இலக்கணத்தைப் பற்றிக்கொண்டே அது இயங்குகிறது என்பது இதனால் பெறப்படுகிறது.

மற்றோர் இடத்தில், கைதி உள்ளம் உடைந்து நிற்கும் தொடரில் ஒரே ஒரு சொல் மறைக்கப்பட்டுள்ளது. அச்சொல் 'கண்ணீர்' என்பதாக இருக்கலாம் என்றும், நம்புதற்கு அரிதாயினும் அவ்வாறே தோன்றுகிறது என்றும் சீம்ஸ் அடிக்குறிப்பில் கருதுகிறார். இவ்வூகம் சரியாயின், மறைபொருள் என்பதற்குள் கைதியின் அழுகையும் அடங்கிவிடுகிறது.

சிதைவும் அழிப்பும்

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. புறப்பாடல்கள் சிலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் அவ்விடங்களைப் புள்ளிகளால் காட்டினர். தம் புலமையால் நிரப்ப முடியும் இடங்களையும் நிரப்பாமல் விட்டது அவர்களின் பதிப்பு நேர்மை.

சீம்ஸின் பதிப்பு இந்நெறியோடு ஒப்பிடத்தக்கது. அவரும் கருப்புப் பட்டைகளை அவ்வாறே அச்சிட்டு, தம் ஊகங்களை அடிக்குறிப்பில் மட்டும் வைத்தார். அவ்வூகங்களுக்கு அவர் பயன்படுத்தியவை அரசே வெளியிட்ட விசாரணைப் பதிவுகளும் அறிக்கைகளும் ஆகும். ஓர் ஆவணத்தில் அரசு மறைத்ததை அரசின் இன்னோர் ஆவணம் வெளிப்படுத்தியது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டை அரித்த செல்லுக்கு நோக்கம் இல்லை. அது எந்தச் சொல்லை அரித்தது என்பதிலிருந்து எப்பொருளையும் பெற முடியாது. தணிக்கையாளருக்கு நோக்கம் உண்டு. எனவே பழஞ்சுவடியின் இடைவெளி பாடத்தின் இழப்பு மட்டுமே. இந்நூலின் இடைவெளி இழப்பாகவும் எழுத்தாகவும் நிற்கிறது. அரசு இந்நூலின் இரண்டாம் ஆசிரியர் எனலாம்.

சீம்ஸின் பதிப்பில் குறையும் உண்டு. கைப்படியை அவர் சுருக்கியும் செம்மைப்படுத்தியும் உள்ளார். அதை முன்னுரையில் ஒப்புக்கொண்டாலும், அந்நீக்கங்கள் பாடத்தினுள் சுட்டப்படவில்லை. அரசின் நீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. பதிப்பாசிரியரின் நீக்கம் தெரிவதில்லை. நோக்கத்தால் இரண்டும் ஒன்றல்ல. எனினும் நான்காம் மொழியில் எழுதிய ஒருவரின் தொடர்கள் எங்கெங்கே திருத்தப்பட்டன என்பதை நூலின் பக்கத்திலேயே அறியும் வாய்ப்பு வாசகருக்கு வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

மீட்டமைத்த பதிப்பு

விடுதலைக்குப் பின்னர் 2017இல் மீட்டமைத்த பதிப்பு வெளிவந்தது. இதில் பட்டைகளின் இடங்கள் நிரப்பப்பட்டன. ஆனால் அவை மூலக் கைப்படியைக் கொண்டு நிரப்பப்படவில்லை. தணிக்கைக்குட்படாத கைப்படி அரசிடமே இருந்தது. ஸலாஹி தம் நினைவிலிருந்து, சீம்ஸுடன் சேர்ந்து அவ்விடங்களை எழுதினார்.

ஆசிரியரே நிரப்பியதால் இது மூலம் என்று கருதுவது இயல்பு. மூலபாட நோக்கில் அம்முடிவு பொருந்தாது. 2005இல் சிறைக்குள் எழுதியவரும், பல்லாண்டு கழித்து விடுதலை பெற்று எழுதியவரும் ஒருவரே. ஆனால் எழுதிய சூழல் ஒன்றன்று. எனவே மீட்டமைத்த பகுதி ஆசிரியரின் பிற்காலப் பாடமாகவே கொள்ளத்தக்கது. அது முந்தைய பதிப்பை நீக்கிவிடவும் கூடாது. செய்தியை அறிய மீட்டமைத்த பதிப்பு வேண்டும். அரசின் செயலை அறியப் பட்டைகளுள்ள பதிப்பு வேண்டும். பிந்தைய பதிப்பை மட்டும் வாசிப்பவருக்குத் தணிக்கை நிகழ்ந்ததே மறந்துபோகும்.

நம்பகத்தன்மை பற்றிய எதிர்வாதம்

வற்புறுத்தலின் கீழ்ப் பொய்க்கதை புனைந்ததாகக் கூறும் ஒருவரின் நூலை எவ்வாறு நம்புவது என்னும் வினா எழலாம். அவர் அல்காய்தாவுக்கு உறுதிமொழி அளித்தவர் என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று. இவ்வினாவை அனுதாபத்தால் கடந்துவிடுவது திறனாய்வாகாது.

இதற்கு இரு விடைகள் உண்டு. ஒன்று, நூலின் முதன்மைச் செய்திகள் பல, அமெரிக்க மேலவைக் குழு, நீதித்துறைத் தலைமை ஆய்வாளர் ஆகியோரின் அறிக்கைகளால் தனித்து உறுதிப்படுகின்றன. மற்றொன்று, இரு பனுவல்களும் பிறந்த சூழல்கள் வேறானவை. வாக்குமூலம், பேசினால் துன்பம் நிற்கும் என்ற நிலையில் பிறந்தது. நூல், எழுதினாலும் வெளிவருமா என்று தெரியாத நிலையில் பிறந்தது. 2010 மார்ச் 22 அன்று நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன் ஸலாஹியை விடுவிக்க ஆணையிட்டபோது, அரசின் ஐயத்திற்கு அடிப்படை இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் சான்றுகள் வற்புறுத்தலாலும் கொடுநடத்தையாலும் கறைபட்டிருப்பதைச் சுட்டி, ஐயம் சிறைக்குப் போதாது என்றார். அவ்வாணை அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அவர் சிறையிலேயே கழித்தார்.

நூலை முழுமையாக நம்ப வேண்டிய கட்டாயம் வாசகருக்கு இல்லை. ஒப்பிட்டு ஆராயும் உரிமை மட்டுமே வேண்டும். கருப்புப் பட்டை பறிப்பது அவ்வுரிமையையே. ஆசிரியரின் கூற்றில் பிழை இருப்பின் அதைக் கண்டறியும் வழியையும் தணிக்கை அடைத்துவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. விசாரணையும் தணிக்கையும் இந்நூலில் எதிர்த்திசைகளில் இயங்கும் ஒரே அதிகாரமாக அமைகின்றன. வற்புறுத்தலால் பெற்ற வாக்குமூலத்தின் உள்ளிசைவு அதன் உண்மைக்குச் சான்றாகாது. கருப்புப் பட்டை வெற்றிடமன்று, நோக்கமுடைய எழுத்து. அதனால் அதைப் பழஞ்சுவடியின் சிதைவைப் போல் நிரப்பியோ, விட்டோ கடந்து செல்ல முடியாது.

சிறை இலக்கியத்தை ஆராய்வோர் பொதுவாக ஆசிரியரின் வாழ்க்கையையும் அவர் சொல்லும் துன்பத்தையும் முதன்மைப்படுத்துகின்றனர். அப்பனுவல் யார் யார் கைவழியாக வந்து சேர்ந்தது, எவ்வெவ்விடத்தில் யாரால் குறைந்தது என்பதையும் அவர்கள் ஆராய வேண்டும். இந்நூலைப் பொறுத்தவரை அவ்வாய்வுக்கு இறுதிச் சான்றாகக்கூடியவை ஸலாஹி 2005இல் எழுதிய 466 தாள்களே. அவை தணிக்கையின்றி வெளிவரும்போதுதான் இவ்விரு பதிப்புகளையும் மூலத்தோடு ஒப்பிட்டு முடிவு கூற இயலும்.